வசனம் புரியாத ஹால்: ஈரோட்டில் 60,000 ரூபாய்க்குள் அமைத்த ஒரு ஹோம் தியேட்டர்

"மாப்ளே, சத்தம் காதைக் கிழிக்குது, ஆனா யார் என்ன பேசறாங்கன்னு மட்டும் வெளங்கவே மாட்டேங்குது" என்று மாமா போனில் சொன்னதுதான் தொடக்கம்.

ஈரோட்டில் அக்கா வீடு. ஹாலில் 55 இன்ச் டிவி, அதற்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் டவர் பாக்ஸ், நடுவில் ஒரு சென்டர், கீழே சப்வூஃபர், பின்னால் இரண்டு குட்டிப் பெட்டி என்று ஒரு 5.1 செட் ஏற்கெனவே இருந்தது. படம் பார்க்க உட்கார்ந்தால் ரிமோட் அத்தையின் மடியிலேயே இருக்கும். பேசுகிற காட்சி என்றால் வால்யூம் 30, சண்டையோ பாட்டோ வந்தால் அவசர அவசரமாக 12. மாமாவின் அம்மாவுக்கு, அதாவது அத்தைக்கு, எழுபது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம்தான், ஆனால் பத்தாவது படிக்கும் அக்கா மகளுக்கும் அதே குறை இருந்ததால் இதை வயதின் மேல் போட முடியாது. மாமா 60,000 ரூபாய் ஒதுக்கியிருந்தார், அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை, நீயே வந்து பார்த்துச் செய்துவிடு என்றார்.

பழைய செட்டில் என்ன கோளாறு

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் பழையதைக் கழற்றிப் பார்த்தேன். எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இதே மாதிரி செட் நிறைய வீடுகளில் இருக்கிறது. முகப்பில் 10,000 வாட் பிஎம்பிஓ என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்தது. பெட்டியைத் திருப்பினால் பின்பக்க ஸ்டிக்கரில் மின் நுகர்வு 85 வாட் என்று இருந்தது. கரண்டில் இருந்து 85 வாட் இழுக்கிற கருவி ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து அதற்கு மேல் கொடுக்க வழியே இல்லை, உள்ளே சூடாகப் போவதைக் கழித்தால் ஐந்து ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் சேர்த்து ஐம்பது அறுபது வாட் தேறினாலே அதிகம். பிஎம்பிஓ என்பது ஒரு கண நேரத்து உச்சத்தை வைத்து இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிற எண். கடையில் பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் எண், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட், அதுவும் எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை சேனல் ஓடும்போது, எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தது என்று சேர்த்துப் போட்டிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

சென்டர் ஸ்பீக்கரின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி கிரில்லை எடுத்தேன். மூன்று இன்ச் பேப்பர் கோன் ஒன்று. அதன் பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ட்வீட்டர், அதாவது மேல் ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர் போல ஒரு குமிழ். பின்பக்கம் கை விட்டுப் பார்த்தால் அந்தக் குமிழுக்கு ஒயரே வரவில்லை, காந்தமும் இல்லை, வெறும் பிளாஸ்டிக்கைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மையெல்லாம் மேல் அதிர்வெண்ணில்தான் இருக்கிறது, அதைக் கொடுக்கிற உறுப்பே இல்லாத பெட்டியில் இருந்து வசனம் எப்படித் தெளிவாக வரும்? எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, மாமா இதற்கு எத்தனை மாதம் இஎம்ஐ கட்டினார் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. டிவியின் ஹெட்போன் ஓட்டையில் இருந்து ஆக்ஸ் ஒயர் போட்டுத்தான் அந்த செட்டுக்கு ஒலி போய்க்கொண்டிருந்தது. அந்த ஒயரில் போவது இரண்டு சேனல் ஸ்டீரியோ மட்டும். செட்டுக்குள் இருக்கும் போர்டு அந்த இரண்டையே கலக்கி ஐந்தாகப் பிரித்து ஐந்து பெட்டிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. படத்தில் வசனத்துக்கென்றே தனியாக வைத்த சென்டர் சேனல் இந்த வீட்டுக்குள் ஒருநாளும் வந்து சேரவில்லை.

ஹால்

அகலம் 11 அடி, நீளம் 14 அடி, உயரம் 10 அடி. சுவர் சிமென்ட் பூச்சு, தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ், ஜன்னலில் மெல்லிய துணி. நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினேன், தட்டிய பிறகும் 'ட்ர்ர்ங்' என்று ஒரு அதிர்வு சுவருக்குச் சுவர் ஓடியது. இப்படிப்பட்ட ஹாலில் எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடும். அதனால் அறுபதாயிரத்தில் ஒரு பங்கை ஹாலுக்கே செலவு செய்யலாம் என்று சொன்னேன், மாமாவுக்கு அது பிடிக்கவில்லை, ஸ்பீக்கர் வாங்கக் கொடுத்த காசில் திரைத்துணி வாங்குவதா என்றார். கைதட்டிக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்.

பவானி பக்கத்தில்தான். அங்கே போய் கெட்டியான பருத்தி ஜமக்காளம் பெரியதாக ஒன்று வாங்கி, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் தரையில் விரித்தோம். ஜன்னலுக்கு மடிப்பு நிறைய வைத்துத் தைத்த கனமான திரை. இரண்டும் சேர்ந்து 2,800 ரூபாய். ஜமக்காளம் பேஸ் ஒலியை ஒன்றும் செய்யாது, அதற்கு அது மிக மெலிது, ஆனால் ஸ்பீக்கரில் இருந்து தரையில் பட்டுத் தெறித்து வரும் மேல் ஒலியை நன்றாகவே குறைக்கிறது, வசனத்தைக் கலக்குவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. மறுபடி கைதட்டிப் பார்த்தபோது அந்த 'ட்ர்ர்ங்' பாதிக்கு மேல் போயிருந்தது.

சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. அதை மூன்றரை அடி முன்னால் இழுத்துப் போடச் சொன்னேன். நடக்கிற வழியை அடைக்கிறாய் என்று அக்கா சத்தம் போட்டாள், கடைசியில் சோபாவுக்குப் பின்னாலேயே வழி விட்டோம்.

ஐந்து வேண்டாம், மூன்று போதும்

இந்த வேலையில் நான் பிடிவாதமாக இருந்தது இதில் மட்டும்தான். இந்தக் காசுக்கு 5.1 முழுதாக வாங்கினால் ஆறு பெட்டியும் சுமாராகத்தான் வரும். முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, ஒரு சப்வூஃபர் என்று 3.1 மட்டும் நல்லதாக வாங்கி, பின்னால் வைக்கும் இரண்டை ஆறு மாதம் கழித்துச் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். படத்தில் வரும் ஒலியில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் மூன்றில்தான் வருகிறது, பின்னால் மழையும் கூட்டத்து இரைச்சலும் எப்போதாவது ஒரு ஹெலிகாப்டரும் வரும்.

சென்டர் கூட இல்லாமல் இரண்டோடு நிறுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நடு சோபாவில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பார்க்கிற வீடு என்றால் நானே அதைத்தான் சொல்லுவேன். ரிசீவரில், அதாவது டிவி ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியில், சென்டர் இல்லை என்று போட்டுவிட்டால் அந்த ஒலியை இடது வலது இரண்டுக்கும் சமமாகப் பிரித்து அனுப்பிவிடும், நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் இருந்து பேசுவது போலவே கேட்கும். ஆனால் அத்தை உட்காரும் நாற்காலி இடது ஓரத்தில், ஸ்பீக்கருக்கு நேராக இருக்கிறது. அங்கிருந்து கேட்டால் எல்லோரும் இடது பெட்டிக்குள் இருந்துதான் பேசுவார்கள். அதனால் சென்டர் கட்டாயம்.

சவுண்ட்பாரைப் பற்றியும் யோசித்தோம். 15,000, 20,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால் மலிவு 5.1 செட்டைவிட ஒரு நல்ல சவுண்ட்பாரே மேல் என்பது என் கருத்து. அறுபதாயிரம் இருக்கும்போது தனித்தனியாக வாங்குவதில்தான் லாபம், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டும் போகலாம். கூரையில் வைக்கும் அட்மாஸ் ஸ்பீக்கர்கள் மேல் மாமாவுக்கு ஆசை இருந்தது, விளம்பரம் பார்த்திருக்கிறார். அதற்கு இந்த பட்ஜெட்டில் இடமில்லை என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

ரிசீவர்

யமஹா ஆர்எக்ஸ்-வி385, செகண்ட் ஹேண்ட், கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருந்து 14,000 ரூபாய். 5.1 சேனல், 6 ஓமில், இரண்டு சேனல் ஓடும்போது, 20 ஹெர்ட்ஸில் இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை சேனலுக்கு 70 வாட் என்று முழு விவரத்தோடு போட்டிருக்கிறார்கள். பழைய செட்டின் பத்தாயிரத்துக்கு முன்னால் எழுபது சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாங்கள் வாங்கிய ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 87 டெசிபல், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் வரும். சோபா 9 அடி தள்ளி இருக்கிறது, அந்தத் தூரத்துக்கு சுமார் 9 டெசிபல் கழித்தால் 78. வாட் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் கூடும், அப்படியே 2, 4, 8, 16, 32, 64 என்று போனால் 64 வாட்டில் 96 டெசிபல், அதுவும் ஒரே ஸ்பீக்கரில். பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவுதான். எழுபது வாட் இந்த ஹாலுக்குத் தாராளம். சென்சிடிவிட்டி 84 இருக்கிற ஸ்பீக்கரை வாங்கியிருந்தால் அதே சத்தத்துக்கு 128 வாட் வேண்டியிருக்கும், அதனால் ஸ்பீக்கர் அட்டையில் அந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் ரிசீவர் எடுக்கப் போனால் சொந்தமாக ஒரு எச்டிஎம்ஐ கேபிளும் ஒரு ஸ்பீக்கரும் கையில் கொண்டு போங்கள். ரிசீவர்களில் முதலில் போவது பெரும்பாலும் எச்டிஎம்ஐ போர்டுதான், எல்லா ஓட்டையிலும் செருகிப் படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு சேனலிலும் ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், அப்புறம் ஒலியைச் சரிபார்க்கிற குட்டி மைக் கூட இருக்கிறதா என்று மறக்காமல் கேளுங்கள். அவர் காபி கொடுத்து உட்கார வைத்தார், ஒன்றரை மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

டிவியில் இருந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ ஏஆர்சி வழி, அதாவது டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு. ஆப்டிகல் கேபிளில் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 வரும், ஆனால் ஓடிடி ஆப்கள் பெரும்பாலும் அனுப்புகிற டால்பி டிஜிட்டல் பிளஸ் வராது, ஏஆர்சியில் அதுவும் வரும். மாட்டிய முதல் நாள் ரிசீவர் திரையில் பிசிஎம் (இங்கே வெறும் ஸ்டீரியோ) என்றே காட்டிக்கொண்டிருந்தது, டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் பிசிஎம்மில் கிடந்தது. அதை ஆட்டோவுக்கு மாற்றிய பிறகுதான் 5.1 வந்தது. இந்த ஒரு செட்டிங் தெரியாமல் எத்தனை வீட்டில் ஆறு பெட்டியை வைத்து ஸ்டீரியோ கேட்கிறார்களோ.

முன்னால் மூன்று

ஐந்தேகால் இன்ச் வூஃபர், ஒரு இன்ச் ட்வீட்டர் உள்ள புக்ஷெல்ஃப் ஜோடி 15,500. அதே சீரிஸில் சென்டர் 9,500. வேறு கம்பெனி சென்டர் ஒன்று மூவாயிரம் குறைவாகக் கிடைத்தது, வேண்டாம் என்றேன். கார் இடமிருந்து வலமாகப் போகிற காட்சியில் நடுவில் மட்டும் குரலும் சத்தமும் வேறு மாதிரி மாறினால் காது அதையே பிடித்துக்கொள்ளும், மூன்றிலும் ஒரே ட்வீட்டர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. டவர் ஸ்பீக்கரும் எடுக்கவில்லை. சப்வூஃபர் தனியாக இருக்கும்போது டவரின் அடிப்பகுதி பேஸுக்குக் கொடுக்கிற காசு வீண்.

புக்ஷெல்ஃபுக்கு ஸ்டாண்டு வேண்டும், கடையில் விலை அதிகம். தெரு முனையில் இருக்கும் வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாயில் 26 இன்ச் உயரத்துக்கு இரண்டு அடித்து வாங்கி, குழாய்க்குள் சலித்த மணலை நிரப்பி மூடினோம். தட்டினால் 'டிங்' என்று அடித்தது 'டொக்' என்று அடங்கிவிட்டது. உட்கார்ந்தால் ட்வீட்டர் சரியாகக் காது மட்டத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் 8 அடி, சுவரில் இருந்து ஒன்றரை அடி முன்னால்.

ஒயருக்கு ஸ்பீக்கர் கடைப் பக்கமே போகவில்லை. எலக்ட்ரிகல் கடையில் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஃபிளெக்ஸிபிள் ஒயர் வாங்கினோம். ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பப் பத்து மீட்டர், மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.13 ஓம் அளவு வரும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. மீட்டருக்கு நூற்றுக்கணக்கில் கேட்கும் ஒயர் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஸ்டாண்டு, ஒயர், பனானா பிளக் எல்லாம் சேர்ந்து 3,200.

ஒரு தப்பு செய்தேன், சென்டரை டிவி ஸ்டாண்டின் நடு அறைக்குள் தள்ளி வைத்துவிட்டேன். வசனம் குடத்துக்குள் இருந்து பேசுவது போல இருந்தது, இவ்வளவு செலவு செய்தும் இப்படியா என்று மாமாவின் முகமே மாறிப்போனது. பிறகு பெட்டியின் முகம் பலகை விளிம்புக்கு வெளியே ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு நிற்கும்படி முன்னால் இழுத்தேன், பக்கவாட்டு இடைவெளியில் பழைய துண்டுகளைச் சுருட்டி அடைத்தேன், கதவுக்கு வைக்கும் ரப்பர் முட்டு இரண்டை அடியில் கொடுத்து முகத்தைக் காதுப்பக்கமாக நிமிர்த்தினேன். குடம் போய்விட்டது. அத்தை தன் நாற்காலியில் இருந்தபடி, "இப்பத்தான் தம்பி, பொம்பள என்ன சொல்றான்னு தெரியுது" என்றார்கள்.

சப்வூஃபரும் அந்த உறுமலும்

8 இன்ச் பவர்டு சப்வூஃபர், 14,000. 14 அடி நீள ஹாலில் நீளவாக்கில் சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும், ஓர் இடத்தில் பேஸ் இடிக்கும், இரண்டடி தள்ளினால் காணாமல் போகும். மூலையில் வைத்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே 'தும் தும்'. அதனால் சப்வூஃபரைத் தூக்கி சோபா மேல், உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் நிறைய உள்ள பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, நானும் அக்கா மகளும் சுவர் ஓரமாக முழங்காலில் தவழ்ந்து எங்கே பேஸ் சீராகக் கேட்கிறது என்று தேடினோம். இடது ஸ்பீக்கருக்கும் வாசல் கதவுக்கும் நடுவில், மூலையில் இருந்து மூன்றடி தள்ளி ஓர் இடம் கிடைத்தது. அங்கே சப்வூஃபரை வைத்தால் சோபாவில் அதே சீரான பேஸ் கேட்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ரிசீவரின் மைக் வைத்துச் சரிபார்த்தபோது முன் ஸ்பீக்கர்களை லார்ஜ், அதாவது பேஸையும் தாங்களே கொடுக்கிற ஸ்பீக்கர்கள், என்று எழுதிக்கொண்டது. கையால் ஸ்மால் என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது பேஸ் சப்வூஃபருக்குப் பிரிந்து போகும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்தேன், அந்தச் சின்ன வூஃபர்கள் அதற்குக் கீழே திணறத் தேவையில்லை. சென்டரை மட்டும் 2 டெசிபல் கூட்டினேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் சப்வூஃபரில் இருந்து 'உம்ம்ம்' என்று விடாமல் ஓர் உறுமல். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் போய்விடும் என்றார். போகும்தான், ஆனால் உள்ளே ஏதாவது கசிந்தால் பெட்டியைத் தொடும் பிள்ளைக்கு ஷாக் அடிக்கும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். நான் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தேன். செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிய நொடியில் உறுமல் நின்றது. கேபிள்காரர் லைனின் எர்த்தும் வீட்டு எர்த்தும் வேறுவேறு மட்டத்தில் இருந்ததால் அந்த ஒயரின் வெளிக்கூடு வழியாக சப்வூஃபர் வரை ஒரு சுற்று உண்டாகியிருந்தது. கேபிள் ஒயரின் நடுவில் போடும் சின்ன ஐசொலேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன், முடிந்தது.

கணக்கு

ரிசீவர், முன் ஜோடி, சென்டர், சப்வூஃபர், ஸ்டாண்டு ஒயர் வகையறா, ஜமக்காளம் திரை எல்லாம் கூட்டினால் 59,000. மீதி ஆயிரத்தில் ஐசொலேட்டர் வாங்கியது போக கொஞ்சம் மிஞ்சியது. பழைய செட் 4,000 ரூபாய்க்குப் போனது, வாங்கியவரிடம் சென்டரைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுத்தோம்.

பழைய செட்டின் பின் பெட்டிகள் இரண்டையாவது வைத்துக்கொள்ளலாமே என்று மாமா கேட்டார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 3.4 ஓம் காட்டியது, அப்படியென்றால் அவை 4 ஓம் ஸ்பீக்கர்கள். ரிசீவருக்கு 6 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. அதனால்தான் அவற்றையும் சேர்த்தே விற்றோம்.

ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது பேசும் காட்சிக்கும் சண்டைக்கும் வால்யூம் ஒரே இடத்தில்தான் நிற்கிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷனைப் போட்டுக்கொள்கிறார்கள், அது உரத்த ஒலியைக் குறைத்து மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும், பக்கத்து வீட்டுக்கும் தொல்லையில்லை. பொங்கலுக்கு 7,000 ரூபாய்க்குச் சின்ன புக்ஷெல்ஃப் ஜோடி ஒன்று, 8 ஓம், செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறோம். உட்கார்ந்திருக்கும் காதுக்கு இரண்டடி மேலே, சோபாவுக்குக் கொஞ்சம் பின்னால் பக்கச் சுவரில் மாட்ட வேண்டும், ஒயரை ஸ்கர்ட்டிங் ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். புது பெயின்ட் அடித்த சுவரில் துளை போட அக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை, பெட்டிகள் இரண்டும் அலமாரி மேல் இருக்கின்றன.